கோயமுத்தூரில் இருந்துகொண்டு பீர் காய்ச்சக் கற்றுக்கொள்ள முடியுமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் தெரியட்டும். வேலை நிமித்தமாகப் பெங்களூர் போனபோது, அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றித் தருகிற கடையில் பீர் குடித்திருக்கிறீர்கள். திரும்பி வந்து பீளமேட்டில் டாஸ்மாக் பாட்டிலைத் திறந்தால் நாக்கு ஒப்பவில்லை. இதை வீட்டிலேயே செய்ய முடியுமா, எங்கிருந்து ஆரம்பிப்பது, நான் எப்படி இதற்குள் வந்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரடியாகச் சொல்கிறேன். கோயமுத்தூரில் வீட்டில் பீர் செய்யக் கூடாது. ஆனால் கற்றுக்கொள்ளலாம். அதில் பாதி வேலையை உங்கள் வீட்டு அடுப்பிலேயே, சட்டத்துக்கு உட்பட்டே பழகலாம். வெளிநாடு போய் டப்பாவில் அடைத்த பாகு வாங்கிக் காய்ச்சுகிற பலர் தாண்டிப் போய்விடுகிற பாதியும் அதுதான்.

சட்டத்தை முடித்துவிட்டு மற்றதற்கு வருகிறேன். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-இல் வந்தது. அந்த வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி அரசு அதை முதலில் நடைமுறைப்படுத்தியது சேலம் மாவட்டத்தில். அப்போது திருச்செங்கோடு சேலம் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்தில் புதுப்பாளையத்தில் 1925-இலேயே காந்தி ஆசிரமம் தொடங்கி, ஊர் ஊராகக் குடிக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்தவர் அவர். ஆக, இது நம் கொங்குச் சீமையில் கால் ஊன்றிய சட்டம். அனுமதி இல்லாமல் மது தயாரிப்பது அதன்படி குற்றம். சொந்தக் குடிப்புக்குத்தான், பீர்தான், ஐந்து லிட்டர்தான் என்றெல்லாம் விலக்கு கிடையாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கும் மேல் இறந்த பிறகு, தண்டனையை இன்னும் கடுமையாக்கித் திருத்தமும் கொண்டுவந்தார்கள். நீங்கள் பிளாஸ்டிக் வாளியில் ஆசையாக மூடி வைத்திருப்பது போலீஸ் கணக்கில் 'ஊறல்' தான். எல்லை தாண்டினால் சரி என்றும் நினைக்க வேண்டாம். பெங்களூரில் உரிமம் இருப்பது அந்தக் கடைக்குத்தான், மேலே குடியிருக்கிறவருக்கு இல்லை.

இதிலேயே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 'காய்ச்சுவது' என்று சொன்னாலே நம் ஊரில் சாராயம்தான் ஞாபகம் வரும். பீர் வடித்து எடுக்கிற சரக்கு இல்லை. தானியக் கஞ்சியைக் கொதிக்க வைத்து, ஆற்றி, ஈஸ்ட் போட்டு நுரைக்க விடுவது. அதில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் தானாக உண்டாகாது. கள்ளச்சாராயச் சாவுகளுக்குக் காரணம், தொழிற்சாலை மெத்தனாலை எவனோ கலந்து விற்பது. இது விஞ்ஞானம். சட்டம் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

சரி, நான் வந்த கதை.

பெங்களூர் இந்திராநகரில் 2010-இல் டாய்ட் என்ற, அங்கேயே பீர் காய்ச்சுகிற கடையைத் திறந்தார்கள். அதற்கு அடுத்த வருஷமோ என்னவோ, பம்பு கம்பெனி வேலையில் அங்கே இருந்தபோது நண்பர் ஒருவர் கூட்டிப் போனார். ஜெர்மன் பாணிக் கோதுமை பீர் ஒன்று வந்தது. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் நல்லாப் பழுத்த வாழைப்பழ வாசனை, பின்னாலேயே கொஞ்சம் கிராம்பு. எசென்ஸ் ஊற்றியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். பரிமாறிய பையனிடம் கேட்டேன். "எதுவும் போடறதில்லை சார், ஈஸ்ட்தான்" என்றான். நம்பவில்லை. ரூமுக்கு வந்து தேடிப் படித்தால் அவன் சொன்னது நிஜம். வாழைப்பழத்துக்கு வாசனை தருகிற அதே ஐசோஅமைல் அசிடேட்டை அந்த ஜெர்மன் ஈஸ்ட் தானே உண்டாக்குகிறது. கிராம்பு மாதிரியான வாசனையும் அது செய்வதுதான். அதுவரை பீர் என்றால் எனக்குக் கசப்பும் குளிர்ச்சியும்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜீவன் ருசியைத் தீர்மானிக்கிறது என்றதும் ஆர்வம் பிடித்துக்கொண்டது.

யோசித்துப் பார்த்தால் இது எனக்குப் புதிசும் இல்லை. கோபிக்குப் பக்கத்தில் அப்புச்சி தோட்டத்துச் சாளையில் லீவுக்குப் போய் இருப்போம். பனையில் கட்டுகிற முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் காலையில் பதநீர், தடவாமல் விட்டால் கள். அதே மரம், அதே பாளை. சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வேலை செய்ய முடியாமல் போகும். நொதித்தலைப் பற்றி இதைவிடத் தெளிவான பாடத்தை நான் எங்கேயும் படிக்கவில்லை. 1987 முதல் கள்ளுக்குத் தடை என்பதால் என் வயசுக்காரர்களோடு அந்தப் பாடம் முடிந்தது. பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாக எல்லை தாண்டிச் சித்தூர்ப் பக்கம் போனால் உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருக்கிறது. ஒரு தடவை காலையில் இறக்கியதையும் அந்தியில் மிச்சமிருப்பதையும் அடுத்தடுத்து ருசி பாருங்கள். ஒரே நாளில் இனிப்பு போய் புளிப்பு ஏறுகிறது நாக்கிலேயே தெரியும்.

அப்புறம் வேலை மாறி இங்கிலாந்து போனேன். பர்ட்டன் என்ற ஊருக்குப் பக்கம். பீர்க்காரர்களுக்கு அது பழனி மாதிரி. அங்கே 1963-இலேயே வீட்டில் பீர் செய்ய உரிமம் வேண்டியதில்லை என்று ஆக்கிவிட்டார்கள். விற்கக் கூடாது, அவ்வளவுதான். அமெரிக்காவில் வீட்டுப் பீரை அனுமதிக்கிற சட்டத்தில் 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டு, அடுத்த வருஷம் அது அமலுக்கு வந்தது. சியரா நெவாடா கம்பெனியைத் தொடங்கிய கென் கிராஸ்மன் அதற்கு முன்பே வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடை வைத்திருந்தவர். 1980-இல் பீர் கம்பெனி ஆரம்பித்தார். பெரிய கம்பெனிகள் எல்லாம் ஒரே மாதிரி வெளிறிய லாகர் பீர் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், இன்று கிராஃப்ட் பீர் என்று நாம் காசு கொடுத்துக் குடிக்கிற பலதையும் முதலில் செய்து பார்த்தவர்கள் இப்படிச் சமையலறையில் நின்றவர்கள்தான்.

என் முதல் முயற்சி மானக்கேடு. மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) பாகு டப்பா ஒன்று, ஒரு கிலோ சர்க்கரை, சின்ன ஈஸ்ட் பொட்டலம். 23 லிட்டர் வரும் என்று டப்பாவில் போட்டிருந்தது. குளிர்காலம், ரூமில் 14 டிகிரி. ஈஸ்ட் குளிரில் சுருண்டுவிட்டது. ஆறாம் நாள் குமிழி நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்து, பாட்டிலுக்குக் கொஞ்சம் கொஞ்சம் சர்க்கரையும் போட்டு அடைத்து அலமாரியில் வைத்தேன். பத்து நாளில் ஹீட்டர் பக்கம் இருந்த பாட்டில்கள் ராத்திரி இரண்டு மணிக்கு ஒவ்வொன்றாக வெடித்தன. எங்கள் ஊர் நோம்பிக்குக்கூட அவ்வளவு சத்தம் கேட்டதில்லை. மேல்மாடியில் வீட்டுக்காரப் பாட்டி போலீஸுக்குப் போன் செய்யாதது என் அதிர்ஷ்டம்.

தப்பு எங்கே என்று கணக்குப் போட்டால் எளிது. பீரில் சர்க்கரை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை ஹைட்ரோமீட்டர் காட்டும். உங்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்த சாமான்தான். பால் சொசைட்டியில் பாலில் மிதக்க விடுகிற லாக்டோமீட்டர் அதே ஜாதி. அதில் 28 என்றால் தண்ணீரைப் போல 1.028 மடங்கு அடர்த்தி. பாலில் தண்ணீர் ஊற்றினால் மீட்டர் கீழே இறங்கும், சர்க்கரைக் கரைசலில் மேலே நிற்கும். பீர் 1.042-இல் ஆரம்பித்து 1.010-இல் நின்றால், வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 4.2 சதவீதம் ஆல்கஹால். நான் அடைத்தபோது அது 1.020-இலேயே நின்றிருக்க வேண்டும். 0.001-ஐ ஒரு புள்ளி என்போம்; மிச்சம் பத்துப் புள்ளி. ஒரு புள்ளி சர்க்கரை, பீரின் கொள்ளளவில் ஏறத்தாழ பாதி அளவு வாயுவை உண்டாக்கும். பத்துப் புள்ளிக்கு ஐந்து மடங்கு. அதற்கு மேல் நான் போட்ட சர்க்கரை வேறு. கோலி சோடா பாட்டிலின் கனம் உங்களுக்குத் தெரியும். சாதா பீர் பாட்டில் அந்த அழுத்தத்துக்குப் பிறந்ததில்லை. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவு அசையாமல் நின்றால்தான் அடைக்க வேண்டும். குமிழியை நம்பக் கூடாது.

அடுத்த தடவை ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை கொண்டுபோனேன். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சரக்கு. பாட்டிலில் வாயு ஏற்ற லிட்டருக்கு 6 கிராம் கணக்கில், 23 லிட்டருக்கு 140 கிராம். கறுப்பு பீரில் அது கொடுத்த வாசனை அங்கே இருந்த நண்பர்களுக்குப் புரியவே இல்லை. எனக்கு மட்டும் கரும்பாலைக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

இனி நீங்கள் கோயமுத்தூரில் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன்.

பீரின் முதல் பாதியில் ஈஸ்ட் கிடையாது. முளைகட்டிய தானியத்தில் இருக்கிற என்சைம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதுதான் அது. டப்பாப் பாகு வாங்குகிறவர்களுக்கு அந்த வேலையைக் கம்பெனியே செய்து கொடுத்துவிடுகிறது. நம் வீட்டு அம்மாமார்களுக்கு இது நன்றாகத் தெரியும். குழந்தைக்கு முளைகட்டிய கேழ்வரகில் கஞ்சி வைத்தால் கெட்டியாகாமல் தண்ணியாக இளகி நிற்கும், கொஞ்சம் தித்திப்பாகவும் இருக்கும். அந்த இளக்கம்தான் என்சைம் செய்கிற வேலை.

கேழ்வரகை ஒரு ராத்திரி ஊற வைத்து, துணியில் கட்டி, இரண்டு மூன்று நாள் முளைக்க விடுங்கள். நிழலில் உலர்த்தி, முளையைத் தேய்த்து உதிர்த்துவிட்டு அரைத்துக்கொள்ளுங்கள். அதிகமாக வறுத்துவிட்டால் என்சைம் செத்துவிடும். இன்னொரு பங்கு முளைக்காத கேழ்வரகு மாவைக் களிக்குக் கிண்டுகிற மாதிரி, ஆனால் தண்ணியாக, நன்றாக வேக வையுங்கள். பார்லி மாவுச்சத்தைவிடச் சிறுதானிய மாவுச்சத்து அவிழ அதிகச் சூடு வேண்டும் என்பதால்தான் இந்த முன்வேலை. அதை 66 டிகிரிக்கு ஆறவிட்டு முளைமாவைக் கலக்குங்கள். கரண்டி சிக்குகிற கூழ் கண் முன்னால் பத்து நிமிஷத்தில் நீர்த்துப்போவதைப் பாருங்கள். முதல் தடவை பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அப்படியே ஹாட் பேக்கில் ஊற்றி மூடி ஒரு மணி நேரம். 63 பக்கம் வைத்தால் ஈஸ்ட் தின்னக்கூடிய எளிய சர்க்கரை அதிகம். 68 பக்கம் போனால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத பெரிய சர்க்கரை மிச்சம் நின்று, பீர் வாயில் கனமாக இருக்கும். 75-ஐத் தாண்டினால் என்சைமே காலி. இந்த நாலைந்து டிகிரி வித்தியாசத்தில்தான் காய்ச்சுகிறவனின் கைவண்ணம் இருக்கிறது. ஆகவே சமையல் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள், விரலை விட்டுப் பார்த்துச் சொல்கிற விஷயமில்லை.

வேலை முடிந்ததா என்று பார்க்க மருந்துக்கடை டிங்ச்சர் அயோடின் போதும். வெள்ளைத் தட்டில் ஒரு துளி கஞ்சி விட்டு, மேலே ஒரு துளி அயோடின். கருநீலமானால் மாவுச்சத்து இன்னும் உடையவில்லை; அயோடின் தன் செந்நிறத்திலேயே நின்றால் முடிந்தது. தட்டில் இருப்பதைக் கொட்டிவிடுங்கள், குடிக்கிற பாத்திரத்துக்குத் திரும்ப வரக்கூடாது. பிறகு வேட்டித் துணியில் வடிகட்டி, கொதிக்க வைத்து, ஆறியதும் மீட்டரை மிதக்க விட்டு அளவைக் குறித்து வையுங்கள். அந்த இனிப்புத் தண்ணீரைக் குளிர வைத்து அன்றே குடித்துவிடலாம். ஏலக்காய் தட்டிப் போட்டால் என் பையன் இரண்டு டம்ளர் குடிக்கிறான். மீதி வைத்தால் தானே புளிக்க ஆரம்பிக்கும், வைக்காதீர்கள். ஈஸ்ட் போடுவதற்கு முந்தைய படி வரை இவ்வளவும் மால்ட் பானம்தான்.

சோளம் மலிவாகக் கிடைக்கிறதே, அதை முளைகட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். இளஞ்சோளத்தட்டை மேய்ந்த மாடு வயிறு உப்பிச் சாவதை நம் பக்கத்தில் பார்த்தவர்கள் உண்டு. அந்த சயனைடு விஷத்துக்கு மூலமானது சோள முளையிலும் வேரிலும் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் சோளத்தில் பீர் செய்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகிய கை. நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. நாட்டு மருந்துக்கடைப் பார்லியும் உதவாது. தோல் தீட்டிய முத்து பார்லி அது, எத்தனை நாள் ஈரத்துணியில் வைத்தாலும் முளைக்காது. நான் நாலு நாள் வைத்து நாற்றம் எடுத்த பிறகுதான் காரணம் தெரிந்துகொண்டேன்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் கொங்குக்காரன் பதிலை முடிக்க முடியாது. பர்ட்டனில் நிலத்தடி நீரில் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், நிறைய. அந்தத் தண்ணீரில், பீரில் போடுகிற ஹாப்ஸ் பூவின் கசப்பு சுருக்கென்று, தெளிவாக நிற்கும். 1820-களிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய பேல் ஏல் என்ற வெளிர்நிற பீர் அந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இப்படித்தான். இன்றும் வேறு ஊரில் பேல் ஏல் செய்கிறவர்கள் ஜிப்சத்தை ஒரு கரண்டி அள்ளிப் போடுகிறார்கள். செக் நாட்டில் பில்சன் ஊர்த் தண்ணீர் இதற்கு நேர் எதிர், உப்பு மிகக் குறைந்த மென்னீர். அதனால் வெளிறிய லாகர் அங்கே பிறந்தது. இந்த அட்டவணையில் நம் ஊரை வைத்துப் பாருங்கள். சிறுவாணித் தண்ணீர் பில்சன் கட்சி. அவிநாசி, பல்லடம் பக்கத்துப் போர் தண்ணீர் குக்கர் அடியில் வெள்ளையாகப் படிகிற ரகம், பைகார்பனேட் கூடுதல். வெளிறிய மால்ட்டுக்கு அது ஆகாது, என்சைமின் வேலை மந்தமாகும். கருக வறுத்த மால்ட்டில் இயல்பாகவே கொஞ்சம் அமிலம் உண்டு, அது போர் தண்ணீரின் காரத்தைச் சரிக்கட்டும். அயர்லாந்தின் டப்ளினில் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் வேர் பிடித்ததற்கு அங்கத்துத் தண்ணீரும் ஒரு காரணம். சிறுவாணியிலும் போர் தண்ணீரிலும் தனித்தனியாக ஒரே கேழ்வரகைச் செய்து பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஆர்.ஓ. தண்ணீர் பாதி கலந்தும் ஒரு தடவை பாருங்கள்.

ஹாப்ஸ் பற்றி ஒன்றே ஒன்று. முதலில் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டால் கசப்பு, கடைசியில் போட்டால் வாசனை. ரசத்துக்கு மிளகை எப்போது போடுகிறோம், கொத்தமல்லியை எப்போது தூவுகிறோம் என்று தெரிந்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாம் பாதி, ஈஸ்ட், நீங்கள் சட்டம் அனுமதிக்கிற ஊருக்குப் போகும்போது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா எல்லாம் சரி. சிங்கப்பூரிலும் அளவு வரம்புக்குள் சொந்த உபயோகத்துக்குச் செய்யலாம். அங்கே போகிறவர்களுக்கு நம் ஊர் மாதிரியே வெக்கைதான் சிக்கல். சாதாரண ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி. ஈரோட்டுச் சித்திரை மாதிரி 35-இல் விட்டால் அது கண்டபடி ஓடி, நகப்பாலிஷ் நாற்றமும் மறுநாள் தலைவலியும் கொடுக்கும். ஆட்கள் ஃபிரிட்ஜ் வாங்கி, கன்ட்ரோலர் பொருத்தி என்னென்னவோ செய்கிறார்கள். நார்வே பண்ணை வீடுகளில் வழிவழியாக வைத்திருந்த க்வெய்க் என்ற ஈஸ்ட் இருக்கிறது. குளிர் நாட்டுச் சரக்குதான், ஆனால் 35 டிகிரியிலும் சிரித்துக்கொண்டு வேலை செய்யும், மூன்று நாலு நாளில் முடித்தும் விடும். ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு வாசனை வரும். வெக்கை ஊரில் ஆரம்பிக்கிறவருக்கு முதல் ஈஸ்ட்டாக நான் சொல்வது அதைத்தான்.

சுத்தம் பற்றி எல்லாரும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். எனக்குச் சொல்ல ஒரு வரிதான் இருக்கிறது. கொதித்து ஆறிய பிறகு அதைத் தொடுகிற எல்லாமும், மூடி, குழாய், கரண்டி, உங்கள் கை உட்பட, கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். கொதிப்பதற்கு முன் எப்படி இருந்தாலும் பெரிய பாதகமில்லை. பால்பண்ணைக்காரர்கள் பாத்திரம் கழுவுகிற அயோடோஃபோர் என்ற அயோடின் கிருமிநாசினியைத்தான் பீர்க்காரர்களும் நீர்க்க விட்டுப் பயன்படுத்துகிறார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரைக்கிலோ கேழ்வரகு ஊறப் போடுங்கள். அயோடின் எத்தனையாவது நிமிஷத்தில் நிறம் மாறாமல் நின்றது, மீட்டர் எவ்வளவு காட்டியது, தண்ணீர் சிறுவாணியா போரா என்று எழுதி அனுப்புங்கள். அடுத்து எந்த மால்ட்டை எந்தச் சூட்டில் பழகலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.